குடிநீர்க் கேள்விகளுக்கு நீர் ஆய்வாளர் பதில்: டிடிஎஸ் மீட்டரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

அரசுக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த கம்பெனி ஃபில்டர் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் திட்டு வாங்கத் தயாராக வரவும்.

கேள்வி (சேலம்): எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் டிடிஎஸ் 180. குடிக்கலாமா சார்?

தெரியாது. டிடிஎஸ் மீட்டர் ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 180 உள்ள தண்ணீரில் டைபாய்டு இருக்கலாம், 900 உள்ள தண்ணீர் சுத்தமாக இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 சொல்வது 500 வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது. நீங்கள் பார்க்க வேண்டியது கிருமியைக் கொல்ல டேங்கில் கலக்கிற குளோரின். தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். இருந்தால், டேங்கிலிருந்து உங்கள் வாசல் வரை வந்த வழியில் எதுவும் பெரிதாகக் கலக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

கேள்வி (பென்னாகரம்): என் மகனுக்கு 9 வயது. பல் முழுக்கப் பழுப்புக் கோடு. போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் சரியாகுமா? ஒகேனக்கல் தண்ணீர் வந்தும் ஏன் இப்படி?

அம்மா, முதலில் ஒன்று. உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்புதான் இந்தக் கறைக்குக் காரணமாக இருக்கும். ஃப்ளோரைடு தண்ணீரைக் காய்ச்சாதீர்கள், அதாவது ஃப்ளோரைடு போகும் என்று நினைத்துக் காய்ச்சாதீர்கள். கிருமிதான் சாகும். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் ஃப்ளோரைடின் அளவு கூடத்தான் செய்யும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது. தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் கிடக்கும்போது அது கரைந்து சேரும். மழை பொய்த்து, போரை இன்னும் ஆழமாக இறக்கினால் பல இடங்களில் அளவு ஏறும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியில்லாவிட்டால் 1.5. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகிற வயதில், கிட்டத்தட்ட 8 வயது வரை, குடித்த குழந்தைக்குப் பல்லில் கறை விழும். இது தேய்த்தால் போகிற கறை இல்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து அதிக அளவில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். அதை மருந்து கொடுத்து மாற்ற முடியாது, தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் திறந்தார்கள். அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ஆற்றுத் தண்ணீர் போதவில்லை என்று அதே டேங்கில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிட்டால் திட்டத்தின் பயன் பாதி போச்சு. உங்கள் ஊரில் அப்படிக் கலக்கிறார்களா என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள். கோபப்படாமல் கேட்டால் சொல்லிவிடுவார். இன்னொன்று, ஆற்றுத் தண்ணீர் வாரம் ரெண்டு நாள்தான் வருகிறதென்றால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடித்து வையுங்கள். சோறு, குழம்பு வழியாகவும் ஃப்ளோரைடு உள்ளே போகும், பலர் இதை யோசிப்பதே இல்லை.

ஃப்ளோரைடுக்கு வடிகட்டி உண்டு. ஆக்டிவேட்டட் அலுமினா (ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும் துகள்), ஆர்ஓ (தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது), படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கிற நல்கொண்டா முறை (இது நாக்பூர் நீரி நிறுவனம் கண்டுபிடித்தது). அலுமினாவின் பிடிக்கும் சக்தி தீர்ந்ததும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத வடிகட்டியில் ஊற்றுவதும் ஒன்று, ஊற்றாததும் ஒன்று. பையனை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், ஃப்ளோரோசிஸ் என்கிற இந்த ஃப்ளோரைடு நோயின் தடுப்புக்கு என்றே 2008-09 முதல் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. தட்டில் பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் இருக்கட்டும்.

கேள்வி (திருப்பூர்): நொய்யல் சாயக்கழிவு எப்போது தீரும்?

அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. கழிவு துளியும் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்படாது. அந்தப் பகுதிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்க வேண்டாம்.

கேள்வி (மதுரை): டிடிஎஸ் 650 சார். நல்லதா கெட்டதா?

சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சென்னை புறநகர்): தண்ணீர் விட்ட முதல் அஞ்சு நிமிஷம் சாக்கடை நாற்றம், அப்புறம் சரியாகிவிடுகிறது. டேங்கில் சோதித்தால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தண்ணீர் டேங்கில் நன்றாகத்தான் இருக்கும். நம் ஊரில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நிறுத்தியதும் குழாய் காலியாகி வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடையோ கழிவுநீர்க் குழாயோ போனால் அதுவும் உள்ளே வரும். மறுநாள் வால்வைத் திறந்ததும் முதலில் உங்கள் வீட்டுக்கு வருவது அதுதான்.

இந்த இடத்தில்தான் மோட்டார். தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டால் தண்ணீர் விடும் நேரத்திலேயே குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. உங்கள் சம்ப் நிறையும், மொத்தத் தெருவும் சாக்கடையைக் குடிக்கும். இதைப் பிடிக்க அதிகாரிகள் வரும்போது மோட்டாரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்தான் மறுநாள் மனு எழுதுகிறார்கள்.

24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் விட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஒடிசாவின் பூரி நகரில் 2021-இல் குழாயிலேயே வாய் வைத்துக் குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். இப்போதைக்கு நீங்கள் முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், குடிப்பதைக் கொதிக்க வையுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். தெருவில் நாலைந்து வீட்டில் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் புகார் எண்ணுக்காகக் காத்திருக்காமல் நேரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 1939-லேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது, நாட்டில் இந்த வகையில் முதல் சட்டம் அது. குடிநீரால் நோய் வந்தால் தலையிடும் அதிகாரம் சுகாதாரத் துறைக்கு அப்போதிருந்தே உண்டு.

கேள்வி (ஆர்ஓ சர்வீஸ் செய்கிறவர், கோவை): நீங்கள் அரசு ஆள், அதனால் குளோரினுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். குளோரின் கேன்சர் வரவைக்கும் என்று உலகமே சொல்கிறது. ஆர்ஓ போட்டால் எல்லாம் போகும். மக்களைத் தப்பாக வழிநடத்தாதீர்கள்.

வாங்க. தண்ணீரில் இலை தழை, அழுக்கு இருக்கும்போது குளோரின் அதோடு சேர்ந்து ட்ரைஹாலோமீதேன் என்ற வகைப் பொருட்களை உண்டாக்கும், உண்மை. அதற்கும் ஐஎஸ் 10500-இல் வரம்பு இருக்கிறது. ஆனால் அதற்குப் பயந்து கிருமி நீக்கத்தைக் குறைக்காதே என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பல்லாண்டுக்குப் பின் வரக்கூடிய சின்ன ஆபத்தையும் நாளைக் காலையில் வரக்கூடிய காலராவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அவரே மீண்டும்: அப்போ ஆர்ஓ வேண்டாம் என்கிறீர்கள்?

எங்கே சொன்னேன்? ஃப்ளோரைடு, நைட்ரேட், கடும் உப்பு என்றால் ஆர்ஓ நல்ல கருவி. ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் எதற்கு? டிடிஎஸ் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது, காரணம் அது வீணாக்குகிற தண்ணீர். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு குடத்துக்கும் மேலேயே சாக்கடைக்குப் போகிறது. அப்புறம், குளோரினையும் எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை உள் டேங்கில் தேக்கி வைக்கிறீர்களே, அங்கே கிருமி வளர்ந்தால் தடுக்க என்ன இருக்கிறது?

இடையில் ஒருவர் (தஞ்சாவூர்): எங்கள் பாட்டி கிணற்றுத் தண்ணீர் குடித்து 90 வயது வாழ்ந்தார். குளோரினும் இல்லை ஆர்ஓவும் இல்லை.

பாட்டி பிழைத்தார், சரி. பாட்டியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், பெரியவர்களானவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்களா?

கோவைக்காரர்: வாடிக்கையாளர் டிடிஎஸ் பார்த்துத்தான் வாங்குகிறார், நான் என்ன செய்ய?

இதுதான் நேர்மையான பேச்சு. அந்த மீட்டரை விற்பனைக் கருவியாக்கியதே பிரச்சினை. குளோரின் பார்க்கும் கிட் ஒன்றையும் பையில் வையுங்கள். சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், சில கிட்டில் இளஞ்சிவப்பு. உங்களுக்கே வியாபாரம் கூடும்.

கேள்வி (ஊராட்சி டேங்க் ஆபரேட்டர், விழுப்புரம்): பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? சிலர் நாற்றம் என்று சண்டைக்கு வருகிறார்கள்.

நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு 4 கிராம், அப்படியென்றால் 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். நேரே கொட்டாதீர்கள். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணியாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும், அப்போது 4 கிராம் கணக்கு செல்லாது. கடைமடை வீட்டில் சோதித்துப் பாருங்கள், அங்கே 0.2 வந்தால் வேலை முடிந்தது. நாற்றம் என்கிறவரிடம் திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (நெல்லை): டெங்கு கொசு வராமல் இருக்கக் குடிநீரில் குளோரின் கூட்டினால் போதுமா?

போதாது, குடிக்கிற அளவு குளோரினுக்குப் புழு சாகாது. டிரம்மை மூடுங்கள், வாரம் ஒரு முறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.

கேள்வி (ஈரோடு): என் டிடிஎஸ் 1200...

ஐயா.

கேள்வி (நாமக்கல்): செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் போர். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எங்கே, எப்படிச் சோதிப்பது?

மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது, பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குக் களச் சோதனைக் கிட் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். அதில் ஒரு குட்டிப் பாட்டில் வரும், தண்ணீரை ஊற்றி வைத்து அது கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். உங்கள் போருக்கு, கழிவிலிருந்து இறங்கிச் சேரும் நைட்ரேட்டும் கட்டாயம் பாருங்கள், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கக் கூடாது, காய்ச்சினாலும் கூடாது.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும்போது பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுவராதீர்கள். கிருமிச் சோதனைக்கு அவர்களே தரும் சுத்திகரித்த பாட்டில் வேண்டும். குழாய் வாயைத் தீயில் வாட்டி, ரெண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் கை படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சனிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது.