க்யூ கையில் இருக்கிறது, யூ இல்லை. என்ன செய்வது?

எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைக்கும் ஸ்கிராபிள் ஆடும்போது க்யூ (Q) கிடைத்து, வழக்கமாக அதை அடுத்து வரும் யூ (U) கிடைக்காவிட்டால் எந்தச் சொல்லைப் போடுவது, குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள சொற்களை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு விடை இரண்டே எழுத்து: க்யூ, ஐ (qi). சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் சொல் அது. வட அமெரிக்கப் போட்டிகளில் செல்லும் சொற்களின் பட்டியலில் 2006-இல்தான் சேர்ந்தது. க்யூவுக்கு மட்டும் 10 புள்ளி என்பதால் அதைக் கடைசி வரை வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள். பக்கிரி என்ற நம் சொல்லைக்கூட ஆங்கிலத்தில் நடுவே க்யூ வைத்து (faqir) எழுதலாம், அங்கும் யூ வராது!

தேடுவதற்கு இணையக் கருவிகள் இருக்கின்றன. தெரியாத எழுத்தின் இடத்தில் கேள்விக்குறி போட்டால் பெரும்பாலானவை புரிந்துகொள்ளும். ஆட்டத்தின் நடுவே அவற்றைத் திறப்பது ஏமாற்று வேலை, பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாமல் ஆட, எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். 'லிசன்' (listen), 'சைலன்ட்' (silent), 'என்லிஸ்ட்' (enlist), 'டின்சல்' (tinsel) நான்கையும் அப்படி அடுக்கினால் ஒரே வரிசைதான் வரும். அந்த வரிசை மனத்தில் பதிந்தால் நான்கும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நான் தாளில் எழுதித்தான் பழகினேன். 'இங்' (-ing), 'அன்' (un-) போன்ற பின்னொட்டு, முன்னொட்டுகளைத் தனியே ஒதுக்கிவிட்டு மிச்ச எழுத்துகளைப் பார்ப்பதும் பலன் தரும். எஸ் மொத்தம் நான்கே வில்லைகள், அற்பச் சொல்லுக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.