மருந்துப் பையோடு வாங்க: மிஸ்ஸியிடம் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து, மிஸ்ஸியான (தாதியான) எனக்கு வந்த கேள்விகள் இவை. சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். நான் சொல்வது பொதுவானது. உங்கள் டாக்டர் உங்களுக்கென்று ஓர் அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பாட்டிக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் இருக்கிறது. பையில் மலாயில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாது. மாத்திரையின் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். பரவாயில்லையா மிஸ்ஸி?

நிறத்தை நம்பவே கூடாதும்மா. போன தடவை மஞ்சளாக வந்த அதே மருந்து, இந்தத் தடவை வேறு கம்பெனியிலிருந்து வெள்ளையாக வரும். பாட்டி புது மருந்து என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருக்கும் மஞ்சளையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார். ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடும்.

ஒவ்வொரு பையிலும் மார்க்கரால் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: எதற்கு, எப்போது, எத்தனை. ‘செபெலும் மக்கான்’ என்றிருந்தால் சாப்பாட்டுக்கு முன், ‘செலெப்பாஸ் மக்கான்’ என்றிருந்தால் பின். பாட்டிக்கு எழுத்தே தெரியாது என்றால் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்.

அப்புறம் முக்கியமான வேலை. "விளங்குச்சா பாட்டி?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் மிஸ்ஸி மனம் நோகக்கூடாதென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். "நாளைக்குக் காலையில எதைப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். கை எந்தப் பைக்குப் போகிறது, எத்தனை மாத்திரை எடுக்கிறது என்று பாருங்கள். தப்பாக எடுத்தால், நாம் சொல்லிக்கொடுத்த விதம் சரியில்லை என்று எண்ணி வேறு மாதிரி சொல்ல வேண்டும். வார்டில் நாங்கள் செய்வதும் இதையேதான்.

தைப்பூசத்துக்கு விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுக்கிறேன். செம்பனைக் காட்டில் வேலை.

அண்ணே, விரதம் தொடங்குவதற்கு முன்பே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும். அளவையும் நேரத்தையும் டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாகவே குறைக்காதீர்கள்.

காட்டில் வேலை என்பதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். வெயிலில் குலை வெட்டுகிறவர் அதை வெயில் களைப்பு என்று விட்டுவிடுவார். அப்படி வந்தால் உடனே உட்காருங்கள், முடிந்தால் சோதியுங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றாலும் சீனித் தண்ணீர் குடிக்கத் தயங்காதீர்கள். விரதம் முறிந்தால் முறியட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் யாரும் எதையும் ஊற்றக்கூடாது. 999-க்கு அழைக்க வேண்டும்.

அப்பா தினமும் இன்சுலின் போடுகிறார், ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் கெட்டுப்போயிருக்குமா?

இருக்கலாம். திறக்காத இன்சுலின் ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிடக்கூடாது. பயன்படுத்தத் தொடங்கியது பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 4 வாரம் தாங்கும். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அந்தச் சூடு தாண்டிவிடும். மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் முதலில் அப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் விரலால் லேசாகத் தடவினால் கெட்டியாக, வலியில்லாத ஒரு வீக்கம் தட்டுப்படலாம். ஒரே இடத்தில் வலி குறைவு என்று பல மாதம் அங்கேயே குத்தினால் இப்படி ஆகும். அந்த இடத்தில் போடும் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது. ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். இன்சுலின் பேனாவின் பட்டனை அழுத்தியதும் ஊசியை இழுத்துவிடாமல் பத்து எண்ணட்டும்.

ஓர் எச்சரிக்கை: வீக்கத்தில் போட்டுப் பழகியவர் நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் சட்டென்று வேலை செய்து சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். அதனால் கிளினிக்கில் காட்டிவிட்டு மாறுங்கள், அந்த நாட்களில் அடிக்கடி சோதியுங்கள்.

தாத்தாவால் விழுங்க முடியவில்லை. மாத்திரையை நசுக்கிக் கஞ்சியில் கலக்கலாமா?

சிலதை நசுக்கலாம், சிலதை நசுக்கவே கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எம்.ஆர். என்றிருந்தால் அது மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. நசுக்கினால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பார்மசியில் கேட்டால் பதிலாகச் சிரப்போ வேறு மருந்தோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

10 கிலோ பிள்ளைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா?

எந்தச் சிரப் என்று பாருங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 வரை. முதல் சிரப்பில் 5 மில்லி சரியாக இருக்கும். இரண்டாவதில் அதே 5 மில்லி மிக அதிகம். வீட்டு ஸ்பூன் வேண்டாம், பார்மசியில் சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி விட்டு, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் போகாதீர்கள்.

தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். வார்டில் எதில் அதிகம் கவனம் வேண்டும்?

தங்கச்சி, ஆளில் தொடங்கு. நம் வட்டாரத்தில் ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி இருப்பார்கள். "நீங்க லெட்சுமிதானே?" என்று கேட்டால் காது கேட்காதவரும் தலையாட்டுவார். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வை. ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கைப்பட்டையோடு ஒப்பிடு. இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்று முழுதாக எழுது. ‘யு’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சுழியமாகப் படித்துவிட்டால் 4 யூனிட் 40 ஆகிவிடும். இன்சுலின், ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), பொட்டாசியம் கொடுக்கும்போது இன்னொரு தாதியை அழைத்துச் சரிபார். மூத்தவர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதே.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலி மருந்து இரண்டே நாளில் கேட்டது. சில மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது முகம் உப்பியிருக்கிறது.

தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள் அக்கா. இப்படி விற்கும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி சட்டென்று போவதும் முகம் உப்புவதும் அதனால் இருக்கலாம். மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதில் இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்து ‘டி’ (T). அது இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டிருப்பதால் நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான். மருந்தைத் தூக்கிப் போடாமல் டப்பாவோடு கொண்டுபோய், எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.