நீண்ட ஓட்டத்தில் நிறையத் தண்ணீர் குடித்தும் தலைவலியும் குமட்டலும் வருவது ஏன்?

கேள்வி: ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் 22, 23 கி.மீ. தாண்டியதும் தலை வலிக்கிறது, குமட்டுகிறது, விரல்கள் தடித்துவிடுகின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஒவ்வொரு 2 கி.மீ.க்கும் அரை பாட்டில் குடிக்கிறேன். இன்னும் அதிகம் குடிக்க வேண்டுமா? ஓடும்போது என்ன சாப்பிடலாம்?

பதில்:

இன்னும் அதிகம் குடிக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். 'விரல்கள் தடித்துவிடுகின்றன' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான்கு வருடங்களுக்கு முன் எனக்கும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அக்டோபர் மாதம், மழை இன்னும் பிடிக்காத நேரம். திருவான்மியூரில் காலை நாலரைக்குக் கிளம்பி ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) உத்தண்டிப் பக்கம் போய்த் திரும்புவதாகத் திட்டம், 28 கி.மீ. சென்னைக் காற்றில் அந்த நேரத்து ஈரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வியர்வை உலரவே உலராது, முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுவதால் உப்பும் நீரும் போவதுதான் மிச்சம். எனக்கு அன்று ஒரே எண்ணம், நீர் வற்றிவிடக் கூடாது. வழியில் குழுவினர் தண்ணீர் வைத்திருந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று குடித்தேன். கடைசியில் கணக்குப் பார்த்தால் மூன்றரை மணி நேரத்தில் ஐந்து லிட்டர். வெறும் தண்ணீர்.

திரும்பி வரும்போது நீலாங்கரைக்குப் பக்கத்தில் தலை கனத்தது. ஓடும்போது வயிற்றில் தண்ணீர் குலுங்குவது காதில் கேட்டது. கைக்கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பதிந்திருந்தது. மோதிரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்தில் ஓடிய அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, முகமெல்லாம் உப்பியிருக்கு? இந்தா, இன்னும் கொஞ்சம் தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டினார். அவர் அன்பாகத்தான் கொடுத்தார், நானும் வாங்கிக் குடித்தேன். ஓட்டம் முடிந்து நடைபாதையில் உட்கார்ந்ததும் வாந்தி. வந்ததெல்லாம் தெளிந்த தண்ணீர். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. என் வீட்டு முகவரியைச் சொல்லத் தெரியாமல் திணறினேன் என்று அந்த அக்கா பிறகு சொன்னார்.

மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். காலையில் வீட்டில் 58.4 கிலோ இருந்தவள் 28 கி.மீ. ஓடிய பிறகு 59.3 கிலோ இருந்தேன். பணியில் இருந்த மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வியே, "எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்பதுதான். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, 126. ஒரு லிட்டர் ரத்தத்தில் 135 மில்லிமோலுக்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. அடர்த்தியான உப்புக் கரைசலைச் சிறிதளவு கவனமாக ஏற்றினார்கள். தண்ணீரை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் மாலைதான் வீட்டுக்கு வந்தேன்.

ரத்தத்தில் சோடியம் இப்படிக் குறைவதற்கு ஹைப்போநாட்ரீமியா என்று பெயர். நடப்பது இதுதான். நீண்ட நேரம் உடம்பை வருத்தும்போது, நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. சாதாரண நாளில் இரண்டு லிட்டர் கூடுதலாகக் குடித்தாலும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதனால் அப்படி முடியாது. உள்ளே போன நீர் தங்கி ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த ரத்தத்திலிருந்து நீர் செல்களுக்குள் நுழைகிறது. விரல் வீங்கினால் மோதிரம்தான் இறுகும். மூளைக்கு மண்டை ஓட்டுக்குள் விரிய இடமில்லை, அதனால்தான் தலைவலியும் குமட்டலும் குழப்பமும். முற்றினால் வலிப்பு வரும், உயிரும் போகும்.

இது ஏதோ அபூர்வமான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள், அதன் முடிவு 2005இல் வெளிவந்தது. ஓட்டத்தை முடித்தவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. அதோடு மிகவும் தொடர்புடையதாகத் தெரிந்தது, ஓடிய பிறகு எடை கூடியிருந்ததுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அதிகம். வேகமாக ஓடுபவருக்குக் குடிக்க நேரம் இல்லை. நம்மைப் போல நிதானமாக ஓடுபவர்கள்தான் வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்கிறோம்.

உங்களுக்கும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நான் மருத்துவர் இல்லை. கையைத் தொங்கவிட்டு ஓடினாலே விரல் கொஞ்சம் தடிக்கும், அது மட்டும் என்றால் பயமில்லை. வெயில் ஏறிய பிறகு ஓடினால் வெப்பத் தாக்குதலிலும் தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். அங்கே உடம்பை உடனே குளிர்விப்பதுதான் முதல் வேலை. நீர் வற்றினால் நாக்கு உலரும், தாகம் வாட்டும், சிறுநீர் அடர்மஞ்சளாக இருக்கும், எடை குறைந்திருக்கும். ஆனால் தாகமே இல்லாமல், வயிறு குலுங்க, விரல் தடிக்க, எடை கூடி, கூடவே தலைவலியும் குமட்டலும் இருந்தால் குடிப்பதை நிறுத்துங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூட வருபவர், "இவர் இத்தனை லிட்டர் குடித்திருக்கிறார்" என்று போனவுடன் சொல்லிவிட வேண்டும். நீர் வற்றிவிட்டது என்று நினைத்து சாதாரண டிரிப்ஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அந்த ஒரு தகவல் அங்கே அவ்வளவு முக்கியம்.

சரி, எவ்வளவு குடிப்பது? யாரோ சொன்ன அளவு வேண்டாம், உங்கள் வியர்வையை நீங்களே அளந்துவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, கூடியவரை குறைந்த உடையோடு எடை பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். குடித்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். எனக்கு முதல் தடவை 58.4 கிலோ 57.6 ஆனது, இடையில் 300 மில்லி குடித்திருந்தேன். ஆக, ஒரு மணி நேரத்தில் 1.1 லிட்டர் வியர்வை. டிசம்பரில் ஒரு குளிர்ந்த காலையில் அதே ஓட்டத்துக்கு 700 மில்லிதான் வந்தது. அதனால் இரண்டு மூன்று விதமான நாட்களில் அளப்பது நல்லது.

போன வியர்வை முழுவதையும் ஓடும்போதே திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. எடையில் 2 சதவீதம் வரை குறைந்தால் பெரும்பாலோருக்குத் தொல்லையில்லை. நான் இப்போது மணிக்கு 500, 600 மில்லியோடு நிற்கிறேன், அதுவும் தாகம் எடுத்தால்தான். தாகம் எடுப்பதற்கு முன்பே குடி என்ற பழைய அறிவுரையை நம்பித்தான் ஐந்து லிட்டர் குடித்தேன். இன்றும் அதைச் சொல்பவர்களைக் கண்டால் நின்று பேசாமல் என்னால் போக முடிவதில்லை.

உப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. உப்பு சேர்த்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அளவு மீறினால் உப்புத் தண்ணீரும் ரத்தத்தை நீர்க்கத்தான் செய்யும். ஆனால் அளவோடு குடிக்கும்போது உப்பு கைகொடுக்கும், அதுவும் கறுப்புச் சட்டை உலர்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுபவர்களுக்கு. வியர்வையில் போகும் உப்பு ஆளுக்கு ஆள் மாறும், ஒரே தெருவில் ஓடும் இருவருக்குள் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

நான் எடுத்துப் போவது பானகம். ராமநவமிக்குச் செய்வோமே, அதேதான், உப்பு மட்டும் கூடுதல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், அரை எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை சுக்கு, மூன்றில் ஒரு பங்கு தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 2 கிராம். வெல்லத்தைக் கரைத்து மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் மூடியில் மண் அடைத்துக்கொள்ளும். ஏலக்காய் போடுவதில்லை, ஓட்டத்தின் நடுவே ஏப்பத்தில் அந்த மணம் வந்தால் எனக்குக் குமட்டும். இதில் சுமார் 50 கிராம் சர்க்கரையும் 800 மில்லிகிராம் சோடியமும் கிடைக்கும். குடலில் சர்க்கரையும் சோடியமும் ஒன்றையொன்று கைபிடித்து உள்ளே போகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் என்ற உப்பு, சர்க்கரைக் கலவை வேலை செய்வதும் இப்படித்தான். 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். அந்த அறிவுதான் இன்று நம் பாட்டிலில் இருக்கிறது.

அப்படியானால் ஓஆர்எஸ் பாக்கெட்டையே கரைத்துக் குடிக்கலாமே என்றால், குடிக்கலாம். ஆனால் அதில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஓடுவதற்கு வேண்டிய சக்தி அதில் கிடைக்காது, தனியாகச் சாப்பிட்டாக வேண்டும். இளநீரைப் பொறுத்தவரை, அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தால் அருமையாக இருக்கும். ஓட்டத்துக்கு நடுவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி சாப்பாடு. 22 கி.மீ.க்குப் பிறகு நீங்கள் தளர்வதில் இதற்கும் பங்கு இருக்கலாம். தசையில் 400 கிராம், ஈரலில் 100 கிராம் என்று உடம்பில் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து மொத்தம் சுமார் 2000 கலோரி. அது 30 கி.மீ. வாக்கில் தீர்ந்துபோகும், வெறும் வயிற்றோடு கிளம்பினால் அதற்கும் முன்பே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதென்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். பசிக்கும்வரை காத்திருக்காமல் 40ஆவது நிமிடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

காலை நாலரைக்குக் கிளம்பும் ஓட்டத்துக்கு மூன்று மணிக்கு எழுந்து இரண்டு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறேன். சாம்பார், எண்ணெய், தேங்காய்ச் சட்னி எதுவும் கிடையாது, கொழுப்பும் நாரும் வயிற்றைவிட்டு நகர நேரமாகும். ஓடும்போது பேரீச்சம்பழம், பாதி வாழைப்பழம், பெரும்பாலும் பானகம். 20 கி.மீ.க்கு மேல் இனிப்பு திகட்டிவிடும். அப்போது உப்பில் புரட்டிய சின்ன உருளைக்கிழங்கு, முந்தின இரவே வேகவைத்துத் தோலுரித்தது. அதை வாயில் போடும்போது வரும் நிம்மதியை அனுபவித்தால்தான் தெரியும். கடலைமிட்டாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் கடலை மெதுவாகத்தான் செரிக்கும், அதனால் ஓட்டம் முடிந்த பிறகுதான். எதுவானாலும் குடலும் பழக வேண்டும். முதல் வாரம் மணிக்கு 20 கிராமில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். மாரத்தான் அன்று புதிதாக ஒன்றையும் வாயில் வைக்காதீர்கள்.

ஓடிவிட்டு வந்ததும் உப்புப் போட்ட மோர், அப்புறம் பழைய சோறு, இரண்டு முட்டை. முட்டை வேண்டாம் என்றால் ஒரு கிண்ணம் சுண்டல். பழைய சோற்றில் நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கின்றன, மொடமொடவென்று ஒரு சின்ன வெங்காயம் வேறு.

ஓட்டத்துக்கு முன் தலைவலிக்கு, முட்டிவலிக்கு என்று இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை போடும் பழக்கம் நம் குழுக்களில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது சிறுநீரகத்துக்குச் சுமை, இந்த நீர் தேங்கும் அபாயமும் அதனால் கூடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் உப்பையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கூட்டுங்கள்.

அடுத்த ஞாயிறு 25 கி.மீ. போகாமல் ஒரு மணி நேரம் மட்டும் ஓடி, மேலே சொன்னபடி அளந்துவிடுங்கள். முன் எடை, பின் எடை, குடித்த அளவு, இந்த மூன்று எண்ணையும் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். ஓடிய நேரத்தையும் சேர்த்து எழுதினால், முழு மாரத்தானுக்கு எந்த மேசையில் எவ்வளவு குடிப்பது என்று சேர்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.