கவுண்டர் எப்படி கோவெண்டர் ஆனார்? நேட்டால் குடும்பப் பெயரை வைத்து ஊரைத் தேடுவது

கேள்வி: ஐந்து தலைமுறையாக தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனில் இருக்கிறோம். முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். தமிழ்நாட்டில் விசாரித்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறார்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இதை வைத்து எங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஊரைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் குடும்பப் பெயரை மட்டும் வைத்து முடியாது. உங்களுக்கு வேண்டியது ஓர் எண். அதைப் பார்ப்பதற்கு முன் பெயரின் கதை.

கோவெண்டர் என்பது ‘கவுண்டர்’தான். வாயால் சொல்லிப் பாருங்கள்: க-வு-ண்-டர். பேச்சில் முதல் எழுத்து ‘g’ ஒலியோடு வரும். காதில் விழுந்ததைப் பதிவு எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியபோது, நடுவில் இருந்த ‘வு’ அப்படியே ‘வெ’ ஆகி நின்றுவிட்டது. இதே சொல் ஃபிஜித் தீவில் வேறு கைகளால் எழுதப்பட்டதால் அங்கே கவுண்டர் என்றே இருக்கிறது. நாயுடு ‘நாயுடூ’ ஆனதும், முதலி ‘மூட்லி’ ஆனதும், படையாச்சி ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு ‘ஈ’ (ee) வாங்கிக்கொண்டதும், ஆசாரி ‘ஆர்ச்சரி’ ஆனதும் இதே வழியில்தான். குறில் உகரத்துக்கு இரண்டு ‘ஓ’ (oo) போடுவது அந்தக் கால ஆங்கில வழக்கம். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனது அதனால். குறில் அகரத்துக்கு ‘யு’ (u) போடுவார்கள். ரங்கசாமி ‘ருங்கசாமி’ ஆனார். பழைய ஆவணங்களைப் படிக்க இந்த இரண்டு விதியும் உங்களுக்குத் தேவைப்படும். தேடும்போது ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேடுங்கள்.

கவுண்டர் என்றவுடன் கொங்கு நாட்டுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். கவுண்டர் என்பது பட்டம், ஒரே சமூகத்துக்கு உரியது அல்ல. கொங்கு வேளாளர் மட்டுமல்ல, வேட்டுவர், குறும்பர் போன்றவர்களும் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்து வன்னியர்களுக்கும் அதே பட்டம். அந்த வன்னியர்களே கடலூர்ப் பக்கம் படையாச்சி, செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர். ஆக, நேட்டாலில் கோவெண்டர், படையாச்சி, நாயக்கர் என்று மூன்று பெயரில் வாழும் குடும்பங்கள் ஊரில் ஒரே சமூகமாக இருந்திருக்கக்கூடும். கடல் கடந்த பிறகு வேறு பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. பிறப்பால் ஒட்டிய இழிவை உதற அவர்களுக்குக் கிடைத்த ஒரு வழி அது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. கப்பலேறியவருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். பிள்ளைகளின் பிறப்பைப் பதியும்போதோ பள்ளியில் சேர்க்கும்போதோ ஒரு பெயர் கேட்கப்பட்டது. அன்று சொன்னது நிலைத்தது. ஒரு மகன் பட்டத்தையும் இன்னொரு மகன் அப்பாவின் பெயரையும் கொடுத்திருந்தால், கூடப் பிறந்தவர்களின் வாரிசுகளே இன்று கோவெண்டர், மூன்சாமி என்று இரண்டு குடும்பமாக இருப்பார்கள்.

இப்போது அந்த எண். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை எண் உண்டு, மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் கூட. இதைக் காலனி எண் என்பார்கள். ஒப்பந்தம் முடிந்த சான்று, திருமணப் பதிவு, நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஆகியவற்றில் இந்த எண்ணைத் தேடுங்கள். பெயரையொட்டி ஓரத்தில் கிறுக்கியதுபோல ஓர் எண் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் ஒன்றும் இல்லையென்றால், இறந்தவரின் சொத்துக் கோப்பைக் கேளுங்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டிருப்பார்கள். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் கோப்பு எண் கிடைக்கும். உங்களில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். நடுவில் ஒருவரைத் தாண்டிக் குதித்தால், அதே பெயருள்ள வேறொருவரின் பாட்டனாரிடம் போய்ச் சேர்வீர்கள்.

எண் கிடைத்தால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள கப்பல் பட்டியலைப் பார்க்கலாம். அதில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என வரிசையாக இருக்கும். வயதை நம்பாதீர்கள், 20, 25, 30 என்று கண்ணால் அளந்து போட்டது. அப்பா பெயரும் மனைவி பெயரும் உங்கள் வீட்டுத் தகவலோடு ஒத்துப்போகிறதா என்பதே உரைகல். பட்டியலில் முனுசாமிகள் ஏராளம். உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பேரையும் படியுங்கள். குடும்பமாகவோ ஒரே ஊரிலிருந்தோ வந்தவர்கள் அடுத்தடுத்த எண்களில் இருப்பது வழக்கம். உங்கள் வரியில் ஊர்ப் பெயர் சிதைந்திருந்தாலும் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கலாம்.

ஊரை இன்றைய வரைபடத்தில் பொருத்துவதுதான் கடினம். ‘வாண்டிவாஷ்’ என்றிருந்தால் வந்தவாசி, ‘சிங்கிள்புட்’ செங்கல்பட்டு, ‘கான்ஜீவரம்’ காஞ்சிபுரம். ஜில்லா எல்லைகளும் மாறிவிட்டன. 1911 வரை திருவண்ணாமலை தென் ஆற்காட்டிலும், திருப்பத்தூர் சேலத்திலும் இருந்தன. இன்றைய சித்தூரின் பெரும்பகுதி அன்று வட ஆற்காடு. அதனால் முதலில் தாலுகாவை உறுதிசெய்துவிட்டு, அதற்குள் மட்டும் கிராமத்தைத் தேடுங்கள். நல்லூர், புதூர், புதுப்பாளையம் போன்ற பெயர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன.

கிராமத்தில் நில ஆவணங்களை அதிகம் நம்ப வேண்டாம். கப்பலேறியவர்களில் பலர் நிலமில்லாதவர்கள். அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்காது. அதைவிட வீட்டில் பாட்டி கும்பிட்ட சாமியின் பெயர் உதவும். பச்சையம்மனா, அங்காளம்மனா, அய்யனாரா? திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பது உங்கள் குடும்ப வழக்கமா? அந்த வழிபாடு ஆற்காட்டுப் பகுதியில் வேரூன்றியது. குலசாமி கோயில் திருவிழாவுக்குப் பங்காளிகள் எங்கிருந்தாலும் வந்து கூடுவார்கள். அந்த நாளில் போனால் பெரியவர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

போகும்போது பட்டியலின் நகலோடு, அதிலுள்ள பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் தமிழில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலத்தில் உள்ளபடி ‘மூன்சாமி’ என்று படித்துக் காட்டினால் யாருக்கும் பிடிபடாது. ‘முனுசாமி, அப்பா பெயர் இன்னது’ என்று சொல்லிக் கேளுங்கள்.