பைத்தான் தெரிந்தால் காட்டுயிர் ஆய்வில் வேலை கிடைக்குமா?

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். காட்டுயிர்ப் பாதுகாப்பில் தரவு சார்ந்த வேலைக்குப் போக ஆசை. விலங்கியல் படிக்காதது தடையா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சிதம்பரம்

பதில்: தடையே இல்லை. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு ஏட்ரீ (சூழலியல் ஆய்வு நிறுவனம்) போன்ற இடங்களின் திட்டப் பணி அறிவிப்புகளைப் பார்த்து வாருங்கள். சான்றிதழ்களைச் சேர்ப்பதைவிட, ஒரு சிறு ஆய்வை முழுதாக முடித்துக் கையில் வைத்திருப்பதுதான் உதவும்.

பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறதே! அதன் பசுமை ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒரு பிக்சல் 10 மீட்டர். அவற்றை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சின் தளத்தில் 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி–மே படங்களை எடுங்கள். அக்டோபர்–டிசம்பரில் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஒளியின் வகைவாரியாகப் பல பட்டைகள் (பேண்டு) இருக்கும். 8ஆம் பட்டையிலிருந்து (அகச்சிவப்புக்கு அண்மை ஒளி) 4ஆம் பட்டையை (சிவப்பு ஒளி) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் செடிகொடிகளின் அடர்த்தியைக் காட்டும் பசுமைக் குறியீடு (என்டிவிஐ) வந்துவிடும்.

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2022 ஜனவரி 25க்குப் பிறகு வந்த படங்களில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழிக்காவிட்டால் வகுக்கும் எண் பெருத்து, குறியீடு சரியும். காடு அந்த ஆண்டு திடீரெனக் காய்ந்ததுபோலத் தோன்றும். எர்த் எஞ்சினில் இதை முன்பே சரிசெய்து வைத்திருக்கும் 'ஹார்மனைஸ்டு' என்ற தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. காட்டின் பரப்பளவை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கணக்கிடும்போது, படத்தை மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சவுக்கும் சீமைக்கருவேலமும்கூடப் பச்சையாகத்தான் தெரியும். அதனால் நேரில் போய், எது அலையாத்தி, எது சவுக்கு என்று ஜிபிஎஸ் புள்ளிகளோடு குறித்து வந்தே ஆக வேண்டும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. தாவரம் அறிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவரிடம் அரை நாளில் கற்பதை எந்த இணையப் பாடமும் தராது.

கேள்வி: தானியங்கிக் கேமராப் படங்களில் விலங்குகளை அடையாளம் காண நான் பயிற்றுவித்த கணினி மாடல் சோதனையில் அருமையாக வந்தது. வேறு காட்டுப் படங்களைக் கொடுத்தால் தடுமாறுகிறது. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: படங்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருப்பீர்கள். ஒரு மான் கடந்தால் கேமரா அடுத்தடுத்து எடுக்கும் படங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அவை இரு பக்கமும் போய்விடுகின்றன. மாடல் மானோடு சேர்த்துப் பின்னாலிருக்கும் பாறையையும் மனப்பாடம் செய்துவிடுகிறது. கேமரா வைத்த இடவாரியாகப் பிரியுங்கள்: சோதனைக்கு ஒதுக்கிய இடத்தின் ஒரு படம்கூடப் பயிற்சியில் இருக்கக் கூடாது. துல்லியம் குறையும், அதுதான் உண்மையான அளவு.