கை கால் இழுத்தால் பக்கவாதம்தானா?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. 15 வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் விடியற்காலையில் வலது கையும் காலும் இயங்கவில்லை, பேச்சு குழறியது. பக்கவாதம் என்று பதறி மருத்துவமனைக்கு ஓடினோம். சர்க்கரை 36தான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூளை பாதித்திருக்குமா? மறுபடியும் வருமா?

பதில்: குளுக்கோஸ் ஏறியதும் கை கால் பழையபடி இயங்கியது நல்ல அறிகுறி. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. கையிருப்பும் பெரிதாகக் கிடையாது. அதனால் சர்க்கரை 54க்குக் கீழே இறங்கினால் உளறல், காரணமில்லாத கோபம், வலிப்பு என்று தடுமாறும். சிலருக்கு அப்பாவுக்கு வந்ததுபோல ஒரு பக்கமே செயலிழக்கும். மணிக்கணக்கில் மயங்கிக் கிடந்தால்தான் பெரும்பாலும் நிரந்தரச் சேதம். நினைவாற்றல்தான் முதலில் அடிபடும்.

மறுபடியும் வருமா? காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் வரும். மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்று இருக்கிறதா பாருங்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இவை இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரவு இரண்டு இட்லியோடு படுத்தவருக்கு விடியலில் சர்க்கரை சரிவது இப்படித்தான். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும்; அன்றே சர்க்கரை மறுபடி இறங்கவும் கூடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, அளவைக் குறைப்பதா மாத்திரையையே மாற்றுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 90 வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, அடிக்கடி இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு போன்ற எச்சரிக்கைகள் மங்கிவிடும். நேராக மயக்கம்தான். சில வாரம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு பெரும்பாலும் திரும்பும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். 70க்குக் கீழே, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மருந்து கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீனி மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ் பவுடரே வேண்டும். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும், அல்லது சரியான பிறகும் கை கால் இழுத்தால் அது பக்கவாதமாகவே இருக்கலாம். உடனே கிளம்புங்கள்.