ஜமைக்காவில் குழந்தைகளோடு ஒரு பள்ளி ஆண்டு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

2018 செப்டம்பரில் போய் 2019 ஜூலையில் திரும்பினேன். ஜமைக்காவின் வடகிழக்கு மூலையில் போர்ட்லேண்ட் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது, அங்கே மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். அதில் போர்ட் அன்டோனியோ ஊருக்கு மேலே ஒரு மலைக்கிராமம். காலையில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் படிக்கும் 'பேசிக் ஸ்கூல்', மாலையில் பெரிய பிள்ளைகளுக்கான வீட்டுப்பாட வகுப்பு, இரண்டிலும் சம்பளமில்லாத உதவி ஆசிரியை. போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்? காலையிலிருந்து இரவு வரை சொல்லுங்கள்.

ஐந்தரை மணிக்கே விழிப்பு வந்துவிடும், பக்கத்து வீட்டுச் சேவல் ஒரு காரணம், தகரக் கூரையில் விழும் மழை இன்னொரு காரணம். போர்ட்லேண்ட் அந்தத் தீவிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதி. ஏழு மணிக்கு ரோட்டில் நின்றால் சிவப்பு நம்பர் பலகை போட்ட ரூட் டாக்ஸி வரும், பின் சீட்டில் நான்கு பேர், மடியில் யாருடைய குழந்தையாவது. ஏறியதும் எல்லோருக்கும் சேர்த்து 'குட் மார்னிங்' சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார்கள், கடைக்குள் நுழைந்தாலும் இதே முறைதான். இருட்டிய பிறகு யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை 'குட் நைட்'. முதல் வாரம் எனக்கு அது விடைகொடுப்பது போலவே கேட்டது, அங்கே அது வணக்கம். இறங்கும் இடம் வந்தால் 'ஒன் ஸ்டாப், டிரைவர்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எட்டரைக்கு 'டிவோஷன்', அதாவது ஜெபமும் பாட்டும். நான் கிறிஸ்தவள் இல்லை, கூடவே நின்று கைதட்டினேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் வருகைப் பதிவு, சோள மாவுக் கஞ்சி, எழுத்து, எண்ணிக்கை, சண்டை விலக்குவது, ஷூ லேஸ் கட்டுவது. ஷூ லேஸ் மட்டுமே ஒரு நாளைக்கு நாற்பது தடவை இருக்கும். சாப்பாட்டுக்குப் பின் மேஜையிலேயே தலை வைத்துத் தூங்குவார்கள். மூன்று மணிக்கு மேல் பெரிய பிள்ளைகள். 2019-இல்தான் ஆறாம் வகுப்புக்கு 'பெப்' என்ற புதுத் தேர்வு முதல்முறையாக முழுமையாக நடந்தது, பழைய தேர்வைப் பார்த்துப் பழகிய பாட்டிகளுக்கு அதன் பயிற்சித் தாள் புரியவில்லை, அதனால் என் மாலை வகுப்பில் கூட்டம் கூடியது. ஆறரைக்கெல்லாம் இருட்டு. அப்போது நம் ஊரில் மறுநாள் காலை ஐந்து மணி, பத்தரை மணி நேர வித்தியாசம், அம்மா எழுந்திருப்பார் என்று காத்திருந்து பேசுவேன்.

வெள்ளிக்கிழமையும் மழை நாளும் வகுப்பு பாதி காலியாக இருக்கும். டாக்ஸிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கொடுக்க வியாழனோடு காசு தீர்ந்துபோகும் வீடுகள் அங்கே நிறைய. 2002-இல் தொடங்கிய 'பாத்' என்ற அரசு உதவித்தொகை வாங்கும் வீடுகளுக்கு 85 சதவீத வருகை கட்டாயம் என்பதால், வராத குழந்தையின் பெயரை எழுதும்போது எனக்குக் கை தயங்கும். வெள்ளிக்கிழமைக்கு நல்ல பாடம் எதையும் வைக்காதீர்கள், வராதவர்களுக்கு அது போய்விடும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வரும். மொழிப் பிரச்சினை இருக்காதுதானே?

இருக்கும் தங்கச்சி. ஆட்சிமொழி, பாடமொழி ஆங்கிலம்தான், ஆனால் நாலு வயதுக் குழந்தை வீட்டில் பேசுவது பாத்வா, ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த ஜமைக்கா மக்களின் பேச்சு. 'மி நு நோ' என்றால் எனக்குத் தெரியாது. 'ஊனு' என்றால் நீங்கள் எல்லோரும், ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்த சொல் என்பார்கள். 'ஞாம்' என்றால் சாப்பிடு, 'பிக்னி' என்றால் குழந்தை. முட்டையை 'ஹெக்' என்பார்கள். 'சூன் கம்' என்று ஒருவர் சொன்னால் நம் ஊர் 'இதோ வந்துட்டேன்' போலத்தான், வீட்டிலிருந்து கிளம்பியே இருக்க மாட்டார்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எழுதும்போது 'வந்துகொண்டிருக்கிறேன்', பேசும்போது 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று இரண்டு மொழியாகவே வளர்ந்தவர்கள் நாம். வீட்டுப் பேச்சு தப்பு, புத்தகப் பேச்சுதான் சரி என்று ஒரு குழந்தையிடம் சொன்னால் அது வாயை மூடிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும். லூயிஸ் பென்னட் என்ற கவிஞரை 'மிஸ் லூ' என்று அந்த நாடே கொண்டாடுகிறது என்றால், பாத்வாவை வெட்கமில்லாமல் மேடைக்குக் கொண்டுவந்தவர் என்பதுதான் காரணம். நான் குழந்தை பாத்வாவில் சொன்னதைக் கேட்டுவிட்டு, பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, 'புத்தகத்தில் இப்படி எழுதுவோம்' என்று மட்டும் சொல்வேன். திருத்துவதை நிறுத்திய பிறகுதான் என்னிடம் அதிகம் பேசினார்கள்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

இல்லை. ராஸ்தாஃபாரி மார்க்கத்தார் சமைக்கும் 'ஐட்டல்' சாப்பாட்டில் இறைச்சி கிடையாது, உப்பும் பெரும்பாலும் போட மாட்டார்கள். 'கலலூ' என்று கடையில் விற்பது நம் தண்டுக்கீரை, முளைக்கீரை இனம்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் 'கங்கோ பீஸ்' வரும், பார்த்தால் பச்சைத் துவரை! ஊறவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் குழம்பு வைத்தேன், புளி அங்கேயே மரத்தில் காய்க்கிறது. அந்தப் புளியைச் சர்க்கரையோடு பிசைந்து உருட்டி விற்பார்கள், பிள்ளைகளுக்கு உயிர். அதே பண்டிகைக்குச் சிவப்பாக ஒரு பானம் இருக்கும், 'சாரல்' என்று பெயர், புளிச்சகீரைச் செடியின் காயைச் சுற்றியிருக்கும் சிவப்பு இதழில் இஞ்சி தட்டிப் போட்டுச் செய்வது. ஞாயிறு 'ரைஸ் அண்ட் பீஸ்' தேங்காய்ப்பாலில் வேகும், சில வீடுகளில் உப்பிட்ட இறைச்சித் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அக்கி பற்றி மட்டும் கவனம். தேசியப் பழம், காலையில் கருவாடு மாதிரியான உப்பு மீனோடு வதக்குவார்கள், மீன் இல்லாமலும் கிடைக்கும். சிவப்புக் காய் மரத்திலேயே தானாக வாய் திறந்த பிறகுதான் பறிக்க வேண்டும். திறக்காத காயில் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு இருக்கிறது, வாந்தி வந்து ரத்தச் சர்க்கரை விழுந்துவிடும், சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. பள்ளி முற்றத்தில் அக்கி மரம் இருந்தால் விழுந்த காயை முதலில் பொறுக்கிப் போடுங்கள்.

ஒரு மாத விடுமுறையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேவை செய்ய ஆசை. நல்ல இல்லம் ஒன்று சொல்வீர்களா?

தம்பி, வருத்தப்படாதீர்கள், இல்லத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். என்னிடம் வந்த கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன்.

ஜமைக்காவில் 'பேரல் சில்ட்ரன்' என்று ஒரு சொல் உண்டு. அம்மாவோ அப்பாவோ அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ வேலை செய்வார்கள், குழந்தை பாட்டியிடம் வளரும், கிறிஸ்துமஸுக்கும் பள்ளி திறப்புக்கும் ஆளுயரத்துக்கு நெருங்கிய ஒரு பீப்பாயில் அரிசி, எண்ணெய், ஷூ, பை எல்லாம் கப்பலில் வந்து சேரும். 1966-லிருந்து கனடாப் பண்ணைகளுக்குப் பருவ வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், வருடத்தில் எட்டு மாதம்வரை அப்பா இருக்க மாட்டார். என் வகுப்பில் இருபத்திரண்டு பேர், அதில் ஒன்பது பேர் வீட்டில் யாரோ ஒருவர் வெளிநாட்டில். வளைகுடாவுக்கு அப்பாவை அனுப்பிய நம் வீடுகளுக்கு இது புதிதில்லை.

இப்படிப்பட்ட குழந்தைக்கு, பாசமாகத் தூக்கி வைத்திருந்துவிட்டு முப்பதாவது நாள் காணாமல் போகும் அக்காவோ அண்ணனோ, விட்டுப்போன இன்னொரு ஆள். இல்லத்தில் இருக்கும் குழந்தைக்கு இது இன்னும் மோசம், மாதா மாதம் புது முகம். முதல் நாளே ஓடி வந்து மடியில் ஏறும் குழந்தையைப் பார்த்து 'எவ்வளவு பாசம்' என்று நாம் உருகுகிறோம், ஆனால் வந்தவர் போனவர் எல்லோர் மடியிலும் ஏறுவது நலமாக வளரும் குழந்தையின் அடையாளம் இல்லை.

என் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன். தினமும் வீட்டுக்குப் போகும்போது 'மிஸ், நாளைக்கு வருவியா?' என்று கேட்பான். தினமும். ஒரு நாள் காய்ச்சலால் போகவில்லை, மறுநாள் அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மதியம்வரை. தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'நீ போகும் தேதியை இப்போதே சொல்லிவிடு, திடீரென்று போகாதே' என்றார். அன்று சாயங்காலம் பெரிய காலண்டர் ஒன்று வரைந்து சுவரில் ஒட்டினோம். நான் வரும் நாளுக்குப் பச்சை, வராத நாளுக்கு வெள்ளை, போகும் நாளுக்கு ஒரு விமானம். தினமும் ஒரு கட்டத்தை அவனே அடிப்பான். அழுகை இருந்தது, ஆனால் ஏமாற்றம் இல்லை.

அதனால் ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் குழந்தைகளை விட்டுவிட்டு ஆசிரியர்களுக்கு உதவுங்கள். நூலகத்தை அடுக்கலாம், கம்ப்யூட்டரைச் சரி செய்யலாம், பெஞ்சு, கூரை, வர்ணம் என்று செய்ய ஏராளம் இருக்கிறது. குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்றால் செப்டம்பரில் போய் ஜூலையில் திரும்புங்கள். சம்பளம் இல்லாத வேலைக்கும் அங்கே தொழிலாளர் அமைச்சகத்தின் அனுமதியோ விலக்குச் சான்றோ வேண்டும், போலீஸ் சான்றிதழும் எடுத்து வையுங்கள். அதைக் கேட்காமலே குழந்தைகள் பக்கத்தில் உங்களை விடுகிற நிறுவனம் என்றால் அங்கே போகாதீர்கள்.

அங்கே பிள்ளைகளை அடிப்பார்களாமே? பார்த்தால் என்ன செய்வீர்கள்?

2005 சட்டப்படி மழலையர் பள்ளிகளில் அடிக்கக் கூடாது. வீடுகளில் பெல்ட் இருக்கிறது. ஒரு முறை பள்ளி வாசலிலேயே ஒரு பெரியவர் பேரனுக்குப் பெல்ட்டைக் கழற்றினார், நான் பாய்ந்து அவரைத் திட்டிவிட்டேன். அது தப்பு. எல்லோர் முன்னாலும் தலைகுனிந்தவர் வீட்டில் போய் இரண்டு மடங்கு அடித்தார் என்று பிறகுதான் தெரிந்தது. தலைமை ஆசிரியை மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார், அதற்குப் பிறகு குறைந்தது. ஊர்க்காரர் ஒருவர் மூலமாகப் பேசுங்கள். ஆனால் காயம், பட்டினி, பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் திண்ணைப் பேச்சு கிடையாது, 2004 குழந்தைப் பாதுகாப்புச் சட்டப்படி தெரிவிப்பது நம் கடமை, வெளிநாட்டவர் என்று ஒதுங்க முடியாது.

என் மகள் போக வேண்டும் என்கிறாள். செய்தியில் துப்பாக்கிச் சூடு என்றே வருகிறது. அனுப்பலாமா?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. கொலைக் கணக்கில் அந்த நாடு உலக அளவில் மேலே இருந்திருக்கிறது, 2018-இல் மான்டிகோ பே நகரம் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். ஆனால் இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிது, போர்ட்லேண்ட் குற்றம் மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. மகள் எந்தப் பாரிஷ், எந்த வீடு, மாலை ஆறுக்கு மேல் யாரோடு திரும்புவாள் என்று கேளுங்கள். குடும்பத்தோடு தங்க வையுங்கள். நான் தங்கிய வீட்டுப் பாட்டி நான் வரும்வரை வராந்தா விளக்கை அணைக்க மாட்டார். தெருவில் 'இந்தியன்' என்று கூப்பிடுவார்கள், சிலர் 'கூலி' என்றும் சொல்வார்கள். 1845 மே 10-இல் ஓல்ட் ஹார்பர் பேயில் முதல் ஒப்பந்தக் கூலிகள் இறங்கியதிலிருந்து 1917 வரை 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் நாட்டிலிருந்து போனார்கள், பெரும்பாலும் வட இந்தியர்கள். அந்தச் சொல் அங்கே பல நேரம் வெறும் அடையாளம், எனக்கு வலித்தது, வலிக்கிறது என்று சொன்னேன், வகுப்பில் நிறுத்தினார்கள்.

கொசு, காய்ச்சல்?

2019 ஜனவரியில் அங்கே டெங்கு பரவலை அரசே அறிவித்தது. தண்ணீர் நிற்கும் டிரம்மை மூடுவது, டயரைக் கவிழ்ப்பது எல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து வெள்ளிக்கிழமை வேலையாகச் செய்தோம். 'செரசி' என்று ஒரு கசப்புக் கஷாயம் தருவார்கள், பாகற்கொடியின் இலை. பள்ளி திறக்கும் முன் வயிற்றைச் சுத்தம் செய்யப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், நம் பாட்டிகள் விளக்கெண்ணெய் கொடுத்த மாதிரியே!

கிரிக்கெட் ஆடுவார்களா அண்ணி? என் பையன் கேட்கச் சொன்னான்.

ஆடுவார்கள், ஆனால் பையன்களுக்குக் கால்பந்து, பெண்பிள்ளைகளுக்கு நெட்பால், எல்லோருக்கும் ஓட்டம். மார்ச்சில் கிங்ஸ்டனில் 'சாம்ப்ஸ்' என்ற பள்ளித் தடகளப் போட்டி, 1910-லிருந்து நடக்கிறது, அந்த வாரம் ஊரே டி.வி. முன்னால். இடைவேளையில் 'டாண்டி ஷாண்டி': காலி ஜூஸ் பெட்டிக்குள் காகிதம் அடைத்துப் பந்தாக்கி இரண்டு பக்கமும் எறிவார்கள், நடுவில் இருப்பவர் படாமல் தப்ப வேண்டும். உங்கள் பையனுக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள்.

மெலிசா புயலுக்குப் பிறகு உதவ இப்போதே கிளம்பலாமா?

2025 அக்டோபர் 28-இல் மிக வலுவான ஐந்தாம் வகைப் புயலாக மேற்குக் கரையில் இறங்கியது, வெஸ்ட்மோர்லாண்ட், செயின்ட் எலிசபெத் பக்கம் கூரை போன பள்ளிகளைப் படத்தில் பார்த்து நானும் டிக்கெட் விலை தேடினேன். கட்டட வேலையோ மருத்துவமோ தெரியாத நாம் போய் இறங்கினால் அவர்களுடைய தண்ணீரையும் படுக்கையையும்தான் பங்கு போடுவோம். பணம் அனுப்புங்கள், அங்கேயே வாங்கினால் அவர்கள் கடைகளும் எழும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம் என்பதையும் மனதில் வைத்துத் தேதி போடுங்கள்.

குழந்தைகளோடு இன்னும் தொடர்பில் இருக்கிறீர்களா? அவர்கள் படங்கள் போடுங்களேன்.

படம் போட மாட்டேன், அவர்களிடமும் பாட்டிகளிடமும் நான் அனுமதி கேட்டது வகுப்பறைச் சுவருக்காக மட்டும்தான். தொடர்பு தலைமை ஆசிரியை வழியாக, அவர் வாசிக்கச் சொல்லும் செய்தி மட்டும் அனுப்புவேன், வருகிறேன் என்று ஒருமுறையும் எழுதியதில்லை. அந்தப் பையனுக்கு இப்போது மீசை அரும்பும் வயது நெருங்குகிறது. அவன் அப்பா கனடாவுக்குக் கிளம்பும்போதெல்லாம் பாட்டி வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் ஏறுகிறதாம், விமானத்தை அவனே வரைகிறானாம், திரும்பி வரும் நாளில்.